சத்தத்தைக் குறைக்கப் பதின்மூன்று ரிலே

2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் நின்றன. எங்கள் வீடு சோமனூர்ப் பக்கம். மூன்று திசையிலும் தறிக் குடோன். பிறந்ததிலிருந்து அந்த லொடக் லொடக் காதில் ஓடிக்கொண்டே இருந்ததால் அதை ஒரு சத்தமாகவே நான் எண்ணியதில்லை. நின்ற பிறகுதான் தெரிந்தது. ராத்திரி எட்டு மணிக்குப் பல்லி கத்துவது கேட்டது. பக்கத்து வீட்டில் தோசை திருப்புவது கேட்டது.

அன்றைக்கு ஆம்ப்ளிஃபயரை எடுத்து மெதுவாக ஒரு நாதஸ்வரக் கச்சேரி வைத்தேன். எல்எம் 3886 ஐசி போட்டு நானே கட்டிய ஆம்ப். வழக்கமாகத் தறிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் வால்யூம் எப்போதும் பாதிக்கு மேலேதான் நிற்கும். அன்று குமிழை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தால், நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து இடது ஸ்பீக்கருக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. வலது பக்கம் ஏதோ அடுத்த தெருவில் வாசிப்பதுபோல. இன்னும் கொஞ்சம் குறைத்தால் வலது சுத்தமாக இல்லை. மேலே ஏற்றினால் இரண்டும் சரியாகிவிடுகிறது.

மாமாவுக்குப் போன் போட்டேன். மாமா ஒரு காலத்தில் கோயில் நோம்பிக்கெல்லாம் மைக்செட் கட்டியவர். நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டார். "கன்ட்ரோல் தேஞ்சிருக்கும் மாப்ள. ஸ்ப்ரே அடிச்சுப் பாரு. போகலீன்னா மாத்தீரு."

மாற்றினேன். புதுசும் அதேதான், சற்றுக் குறைவாக. மூன்றாவதாக ஒன்று வாங்கினேன். அதில் வலது பக்கம் கூட, இடது பக்கம் கம்மி. ஸ்டீரியோ வால்யூம் கன்ட்ரோல் என்பது ஒரே தண்டில் கோத்த இரண்டு கரிப்பட்டை. இரண்டும் ஒன்றுபோல இருந்தால்தான் இரண்டு பக்கமும் ஒன்றுபோலக் குறையும். மேல்பாதியில் அந்த வித்தியாசம் தெரியாது. குமிழின் அடிக் கால்வாசியில் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று டெசிபல் பிசகுவது சாதாரணம். இது தேய்மானமே இல்லை, பிறவிக் குணம். விலை கூடிய கன்ட்ரோல்களில் பிசகு குறையும், ஆனால் ஒழியாது. தறி ஓடுகிற ஊரில் முப்பது வருசம் இருந்ததால் எனக்கு இது தெரியாமலே போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ரிலே வால்யூம் என்று ஒன்று இருப்பது ஏற்கெனவே தெரியும். ரிலே என்றால் காயிலில் கரண்டு பாய்ந்ததும் தானாகத் தட்டிக்கொள்கிற சுவிட்ச். நம் வாரச்சந்தையில் எடைக்கல் வைப்பது மாதிரியான சங்கதி அது. 1, 2, 4, 8, 16, 32 என்று ஆறு கல் இருந்தால் 63 வரைக்கும் எந்த எடையும் நிறுத்துவிடலாம். கல்லுக்குப் பதிலாக டெசிபல். ஒவ்வொரு ரிலேயும் ஒரு குறிப்பிட்ட அளவு சத்தத்தை விழுங்கும், அல்லது விழுங்காமல் நேராக விடும். ஆறு படியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு டெசிபலாக 63 டெசிபல் வரை இறங்கலாம். குறைப்பதெல்லாம் ரெசிஸ்டர். கரிப்பட்டையே கிடையாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே மதிப்பு ரெசிஸ்டர் போட்டால் அடிமட்டத்திலும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இறங்கும்.

முதல் முயற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வெட்கம். எட்டு நீல ரிலே வரிசையாக உட்கார்ந்திருக்கிற ரெடிமேட் போர்டு ஒன்று வீட்டில் கிடந்தது, மோட்டாருக்கு டைமர் போட வாங்கியது. நாலு படி, படிக்கு இரண்டு ரிலே, இடது ஒன்று வலது ஒன்று. ஒரு சாயங்காலத்தில் கட்டிவிட்டேன். நன்றாகவே பாடியது. ஐப்பசி மழை வந்தது. ஒருநாள் இடது பக்கம் காணோம். பெட்டியைத் தட்டினால் வருகிறது. சத்தத்தைக் கூட்டினால் வருகிறது. மெதுவாக வைத்தால் மறுபடி மறைகிறது. எந்தக் குறைக்காக இவ்வளவும் செய்தேனோ அதே குறை, வேறு வேஷத்தில்.

காரணம் ரிலேயின் உள்ளே. அந்த நீல ரிலே 10 ஆம்பியர் கரண்டை வெட்டிச் சேர்க்கப் பிறந்தது. அதன் முனைகள் வெள்ளிக் கலவை. வெள்ளி காற்றில் கறுக்கும். மோட்டார் கரண்டு பாய்ந்தால் அந்தக் கறுப்புப் படலம் பொரிந்து போய்விடும். பாட்டுச் சிக்னலில் அவ்வளவு தெம்பு ஏது? படலத்தைத் துளைக்க முடியாமல் நின்றுவிடுகிறது. சிக்னலுக்கென்று தனி ரிலே இருக்கிறது. முனையில் தங்கப்பூச்சு, காற்றுப் புகாத கூடு. நான் எடுத்தது பானாசோனிக் டிக்யூ2, 5 வோல்ட். 10 மில்லிவோல்ட், 10 மைக்ரோஆம்பியர் வரைக்கும் நம்பலாம் என்று அதன் விவரத்தாளிலேயே போட்டிருக்கிறது. விலை நீல ரிலேயைவிடக் கூடத்தான். இந்த ஒரு இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இன்னொரு தப்பும் அதில் இருந்தது. நீல ரிலேயில் ஒரே ஒரு சுவிட்ச்தான். படியைத் தாண்டி விடும்போதும் அந்தப் படியின் ரெசிஸ்டர்கள் குறுக்கே தொங்கிக்கொண்டே இருந்தன. அதனால் ஒரு படி மூன்று டெசிபல், இன்னொரு படி நாலு என்று கன்னாபின்னாவென்று இறங்கியது. சரியாகச் செய்வதென்றால் ஒரு பக்கத்துக்கு, ஒரு படிக்கு இரண்டு சுவிட்ச் வேண்டும். ஒன்று தொடரில் இருக்கிற ரெசிஸ்டரைக் குறுக்குச்சுற்று ஆக்க, மற்றது கிரவுண்டுக்கு, அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான ஒயருக்கு, குறுக்கே போகிற ரெசிஸ்டரைக் கழற்றிவிட. டிக்யூ2-வில் இரண்டு சுவிட்ச் உண்டு. ஆக ஆறு படிக்குப் பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு. கடைசியில் சத்தத்தை முழுசாக அடைக்க ஒன்று. பதின்மூன்று.

ரெசிஸ்டர் கணக்கு பயமுறுத்துகிற மாதிரி இருக்கும், அப்படி ஒன்றும் இல்லை. எல்லாப் படியும் 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டேன். ஒரு படி சிக்னலை எத்தனை பங்காகக் குறைக்கிறது என்பது விகிதம். 1 டெசிபலுக்கு அது 1.122, 32 டெசிபலுக்கு 39.81. அந்த விகிதத்தில் ஒன்றைக் கழித்து, வருவதால் 10 கிலோவை வகுத்தால் குறுக்கு ரெசிஸ்டர். அதே கழித்த எண்ணால் 10 கிலோவைப் பெருக்கி, விகிதத்தால் வகுத்தால் தொடர் ரெசிஸ்டர். 1 டெசிபலுக்குத் தொடரில் 1.09 கிலோ, குறுக்கே 82 கிலோ. 2-க்கு 2.06, 38.6. 4-க்கு 3.69, 17.1. 8-க்கு 6.02, 6.61. 16-க்கு 8.42, 1.88. 32-க்கு 9.75 கிலோ, குறுக்கே வெறும் 258 ஓம். இப்படிப் போட்டால் எந்தப் படி உள்ளே வந்தாலும் போனாலும் முந்தைய படிக்குத் தெரிவது அதே 10 கிலோதான். அதனால்தான் டெசிபல்கள் சுத்தமாகக் கூடுகின்றன.

258 ஓம் என்று கடையில் கேட்டால் சிரிப்பார்கள். 270-க்கு இணையாக 5.6 கிலோ போட்டால் 258 ஓமை ஒட்டி வந்துவிடும். 10 கிலோவுக்கு இணையாக 390 கிலோ போட்டால் 9.75. எல்லாமே ஒரு சதவீத மெட்டல் பிலிம். காந்திபுரத்தில் ஒரு ஸ்பேர் கடையில் மதிப்புக்கு இருபது இருபதாக வாங்கி வந்து, மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து, ஒத்துப்போகிற ஜோடிகளைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் குத்தி வைத்தேன். மதிப்பு சொன்னபடி இருப்பதைவிட, இடதும் வலதும் ஒன்றுபோல இருப்பதுதான் காரியம். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு சதவீதம் தவறினால் யாருக்கும் தெரியாது.

ஒன்றைக் கோட்டை விட்டேன். கடைசிப் படிக்குப் பின்னால் 10 கிலோ ஒன்று முடிவு ரெசிஸ்டராக நிற்க வேண்டும். போட்டேன். ஆனால் ஆம்பின் உள்ளேயே 47 கிலோ ஒன்று கிரவுண்டுக்கு இருக்கிறதே! இரண்டும் சேர்ந்தால் 8.25 கிலோ ஆகிவிடுகிறது. படிகள் மறுபடி சமமில்லாமல் இறங்கின. முடிவு ரெசிஸ்டரை 12.7 கிலோவாக மாற்றியதும் கூட்டாக 10 கிலோ வந்து சரியானது. ஆகவே முதலில் உங்கள் ஆம்பின் இன்புட் எவ்வளவு என்று பாருங்கள். அதற்குப் பிறகு சால்டரிங் அயர்னைச் சூடாக்கலாம்.

ரிலேக்களை ஓட்ட அர்டுயினோ நானோ என்கிற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு, அதற்குப் பின்னால் காயில்களுக்கு வேண்டிய கரண்டைத் தாங்குகிற யுஎல்என் 2003. அந்த ஐசியில் ஏழு வாய்க்கால். ஆறு படி, ஒரு அடைப்பு. அளவெடுத்துச் செய்த மாதிரி. இடது வலது காயில்கள் இணையாக ஒரே வாய்க்காலில். ஒரு காயிலுக்கு 28 மில்லிஆம்பியர், ஆகப் பதின்மூன்றும் இழுத்து நின்றால் 364 மில்லிஆம்பியர். 5 வோல்ட்டுக்கு 7805 ரெகுலேட்டர் போட்டால் அதற்கு ஹீட்சிங்க் கட்டாயம். நான் போடாமல் விட்டு விரலைச் சுட்டுக்கொண்டேன். யுஎல்என் தனக்கென்று ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்ளும். காயிலுக்கு 4.1, 4.2 வோல்ட்தான் கிடைக்கும். இந்த ரிலே 3.75-லேயே இழுத்துவிடும் என்பதால் பிழைத்தோம்.

கட்டி முடித்துக் குமிழைத் திருப்பினால் நாலைந்து முறை நன்றாகப் போகும், பிறகு நானோ தானாக முதலிலிருந்து தொடங்கும். இரண்டு ராத்திரி நிரலைப் புரட்டினேன். மூன்றாம் நாள் யுஎல்என் படத்தைப் பார்த்தபோதுதான் ஐசியின் ஒன்பதாவது காலை எங்கேயும் இணைக்கவில்லை என்று தெரிந்தது. ரிலே விடும்போது காயில் ஒரு எதிர் அடி அடிக்கும். அதை வாங்கிக்கொள்ள ஐசிக்குள்ளேயே டயோடுகள் இருக்கின்றன, ஆனால் ஒன்பதாவது கால் 5 வோல்ட்டுக்குப் போனால்தான் அவை வேலை செய்யும். ஒரு ஒயர். நிரலைப் பழித்ததற்கு நிரலிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அடுத்த தொல்லை, பெட்டி காட்டுகிற சிவப்பு வால்யூம் எண் 31-லிருந்து 32-க்குப் போகும்போது. 63 என்றால் முழுச் சத்தம். ஸ்பீக்கர் போய்விட்டது என்றே நினைத்தேன். 29, 30, 31 என்று மென்மையாக ஏறிக்கொண்டிருந்த சத்தம், 32-க்குப் போகிற கணத்தில் 'டப்' என்று துப்பாக்கி மாதிரி வெடித்தது. எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, "ஏஞ் சாமி, வெடிக்கிற சாமானையா ஊட்டுக்குள்ள வெச்சிருக்கறே?" என்றார். நடந்தது இதுதான். 31 என்றால் சின்ன ஐந்து படியும் திறந்து சத்தத்தை நேராக விடும், 32 டெசிபல் படி மட்டும் மூடி விழுங்கிக்கொண்டிருக்கும். 32 என்றால் அப்படியே தலைகீழ். ஐந்து மூட வேண்டும், ஒன்று திறக்க வேண்டும். அந்த ஒன்று முந்திக்கொண்டு திறந்துவிட்டால், மற்றவை மூடும் வரைக்கும் சில மில்லிசெகண்டு எல்லாமே திறந்து கிடக்கும். அதாவது முழு வால்யூம்.

நிரலில் வரிசையை மாற்றினேன். எது சத்தத்தைக் குறைக்குமோ அதை முதலில் செய், கொஞ்சம் பொறு, அதன் பிறகு எது கூட்டுமோ அதைச் செய். விவரத்தாளில் ரிலே 3 மில்லிசெகண்டில் விடும் என்று இருந்தது. 5 வைத்தேன், இன்னும் சில நேரம் 'டப்' வந்தது. டயோடு இருக்கிற காயில் விடுவதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது. 10 மில்லிசெகண்டில் அடங்கியது. இப்போது 32-ஐத் தாண்டும்போது மிகச் சின்னதாக ஒரு 'டிக்', பாட்டு ஓடும்போது தெரியாது.

மாமா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "இத்தன ஒயரா?" என்றார். கூடவே, "கிரவுண்டெல்லாம் ஒண்ணாச் சேத்தீட்டியா மாப்ள?" என்றார். "சேத்தீட்டனுங் மாமா" என்றேன் பெருமையாக. அதுதான் தப்பு. ஆம்பில் ஒரு மெல்லிய கிர்ர்ர் இருந்துகொண்டே இருந்தது, குமிழைத் திருப்பினால் அதன் சுருதி மாறியது. மைக்செட்டில் எல்லா கிரவுண்டும் ஒன்றுதான், அவர் பழக்கம் அது, என் பழக்கமும். ஆனால் ரிலேயின் அழகே காயிலுக்கும் சுவிட்சுக்கும் ஒயர் சம்பந்தம் இல்லாததுதான். நானோவின் கிரவுண்டும் பாட்டின் கிரவுண்டும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டியதில்லை. அந்த ஒரே ஒயரை வெட்டினேன். கிர்ர்ர் போயிற்று. மாமா வெட்டின முனையைப் பார்த்துக்கொண்டே, "இது முன்னாலயே தெரிஞ்சிருந்தா எத்தன நோம்பில தப்பிச்சிருப்பேன்" என்றார். மைக்செட்டுக்கு இது பொருந்தாது என்று நான் சொல்லவில்லை.

அடிமட்டத்தில் இரைச்சல் இருக்கிறதா என்று சோதிக்கத் தறி ஓடாத நேரம் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துகிற நாளைத் தேர்ந்தெடுத்தேன். ஊரே அமைதி. வீட்டில் இன்வெர்ட்டர். போட்டேன், ஸ்பீக்கரில் ஒரே ரீங்காரம். மத்தியானம் வரை கிரவுண்டைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். சாயங்காலம் கரண்டு வந்ததும் ரீங்காரம் தானாகப் போய்விட்டது. எங்கள் பழைய இன்வெர்ட்டர் தருவது சதுர அலை. அதுதான் டிரான்ஸ்பார்மரைக் கத்தவைத்திருக்கிறது. ஒரு பகல் போச்சு.

பெட்டியைத் தகட்டில் மடித்தும், குமிழைக் கடைந்தும் தரக் கோவை கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பம்பு ஷாஃப்ட் கடைகிற இடத்தில் ஒரு ரேடியோக் குமிழ். அண்ணன் அலுமினியத் துண்டைச் சக்கில் மாட்டிக்கொண்டே, "ஓட்டை எத்தனைங் தம்பி?" என்றார். "ஆறு எம்எம் ங்கண்ணா." "ஆறுக்கு ஆறு போட்டா ஏறாதுங். ஆறு பாயிண்ட் ஒண்ணு போட்டுக்கலாங்." சுருள் சுருளாக உதிர்ந்த அலுமினியம் வெல்லப்பாகு நூல்போல மின்னியது. ஓரத்தில் விரல் வழுக்காமல் இருக்க நர்லிங் போட்டார், பக்கவாட்டில் 3 எம்எம் திருகு. கையில் வைத்துப் பார்த்து, "மோட்டாருக்குங்களா?" என்றார். பாட்டுக்கு என்றேன். காசு வாங்க யோசித்தார். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். அந்தக் கனம்தான் இப்போது இந்தப் பெட்டியிலேயே எனக்குப் பிடித்தது.

குமிழுக்குக் கீழே இருப்பது என்கோடர், திருப்புவதை நானோவுக்குப் படிப்படியாகச் சொல்கிற சாமான், சுற்றுக்கு 20 படி. 63-க்கு மூன்று சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டும். மலிவான என்கோடர் ஒரு படி முன்னால் போய் ஒரு படி பின்னால் வரும். இரண்டு காலிலும் சின்னக் கெப்பாசிட்டர் போட்டு, நிரலிலும் ஒரு சல்லடை வைத்தால் அடங்கும். கடைசி எண்ணை நானோவின் நினைவில் எழுதி வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு திருப்புக்கும் எழுதாதீர்கள். ஓர் இடத்தில் ஒரு லட்சம் தடவைதான் எழுதலாம் என்று கணக்கு. திருப்பி முடித்துப் பத்து விநாடி கழித்து ஒருமுறை எழுதினால் போதும்.

ரிமோட்டுக்கு டிஎஸ்ஓபி 1738 கண் ஒன்று போட்டேன். இது அப்பாவுக்காக. முப்பது வருசம் தறிக்குள் நின்றவர். குடோனுக்குள் 90 டெசிபலுக்குக் குறையாது. காதில் பஞ்சுகூட வைத்ததில்லை. பேச்சில் 'ஸ', 'ச' எல்லாம் அவருக்கு விழுவதில்லை. டிவி சத்தமும் இதே ஆம்ப் வழியாகத்தான் போகிறது. அவர் வைக்கிற அளவில் நான் அந்த அறையில் உட்கார முடியாது, நான் வைக்கிற அளவில் அவருக்கு வாயசைவு மட்டும்தான். பழைய டிவி ரிமோட்டில் இரண்டு பொத்தானைக் கற்றுக்கொடுத்து அவர் கையில் கொடுத்தேன். முதல் வாரம் பெட்டி தன்னாலே ஏறி இறங்கியது. கண்ணுக்கு நேர் எதிரே எலக்ட்ரானிக் சோக் போட்ட ட்யூப்லைட். அதன் மினுக்கலை ரிமோட் என்று எண்ணிக்கொண்டிருந்தது. பெட்டியை ஒரு முழம் தள்ளி வைத்தேன்.

ஒருநாள் விடிகாலை நாலு மணிக்குக் கரண்டு போய் வந்தது. அப்பா ராத்திரி 51-ல் விட்டுப் படுத்திருக்கிறார், டிவியை அணைக்காமல். கரண்டு வந்ததும் பெட்டி சமர்த்தாக 51-ஐ ஞாபகம் வைத்துக்கொண்டு செய்தி வாசித்தது. தெருவே எழுந்தது. ரிலேக்களுக்குக் கரண்டு இல்லாத நிலையில் எல்லாப் படியும் மூடி, அடைப்பு ரிலே கிரவுண்டைத் தொட்டு நிற்கும்படிதான் நான் ஒயரைப் போட்டிருந்தேன். கரண்டு போனால் சத்தம் எகிறாது, அடங்கும். அது சரியாகவே நடந்தது. நினைவுதான் கெடுத்தது. இப்போது பழைய எண் எதுவாக இருந்தாலும் கரண்டு வந்தால் 18-க்கு மேல் போகாது. அதுவும் ஒவ்வொன்றாகத்தான் ஏறும்.

இத்தனைக்கும் பிறகு, ரிலே போட்டால் பாட்டு இனிமையாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிஜிஏ 2311 என்று ஒரு ஐசி, அரை அரை டெசிபலாக இதே வேலையைச் செய்யும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன், என் காதுக்கு ஒன்றுதான். கை வேலையில் ஆசை இல்லாதவர்கள் அதைப் போட்டுக்கொண்டு போகலாம். எனக்கு வேண்டியிருந்தது அடிமட்டத்தில் இரண்டு பக்கமும் சமமாக நிற்பது. 6-ல் வைத்தாலும் நாதஸ்வரம் இடமும் இல்லாமல் வலமும் இல்லாமல் நடுவில் நின்று வாசிக்கிறது.

ஒவ்வொரு டெசிபலுக்கும் உள்ளே கேட்கிற க்ளிக் க்ளிக்குக்கு அம்மா வைத்த பேர் 'குட்டித்தறி'. அப்பாவுக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை. அவருக்குச் சிவப்பு எண் மட்டும்தான். முன்பெல்லாம் "கம்மி பண்றா", "கூட வெய்யிடா" என்று சண்டை நடக்கும். இப்போது வெளியே கட்டிலில் படுத்தபடி கேட்கிறார்.

"இப்ப எத்தனைல இருக்குது கண்ணு?"

"இருவத்தி ரெண்டுங்கப்பா."

"செய்திக்கு நாப்பத்தஞ்சுக்குக் கொண்டா. முடிஞ்சதீமு நீ எறக்கிக்க."